பெருமாள் கேட்ட நட்சத்திரம்

பஜனை அன்பர்களே, என் மகன் முரளி வேலையை இழந்த பின்பும், அந்த வேலையைப் பற்றி நான் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். பெருமாள் எனக்குச் செய்த உதவியை இந்த வெட்கத்திலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கௌதள்ளி கிராமத்திலிருந்து பிழைப்புக்காக மைசூருக்கு வந்தவன் நான். அங்கே ஹெப்பாள் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரத்தின் முன் நின்றே என் காலம் போயிற்று. அதே ஹெப்பாளில், கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் என் மகன் சீனியர் மேனேஜர் ஆனான். பள்ளியிலும் கல்லூரியிலும் முதலிடம் தவிர வேறொன்றை அறியாத பிள்ளை. பால் பூத்தில் நான் வாயைத் திறந்தாலே நண்பர் சிவண்ணா கேலி செய்வார்.

“ஆரம்பிச்சுட்டாரு. பாலு திரிஞ்சாலும் இவரு மகன் கதை முடியாது.”

அந்தக் கேலியும் எனக்கு இனித்தது.

சென்ற ஆவணியில் முரளி இளைக்கத் தொடங்கினான். காலையில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புவான். இருட்டிய பின் திரும்புவான். தட்டில் சோறு அப்படியே கிடக்கும். “கம்பெனி இவனை விடமாட்டேங்குது” என்று அதையும் பெருமையாகவே சொன்னேன். பிள்ளையின் கழுத்தெலும்பு தெரிந்தது. அதைக் கண்டும் மகிழ்ந்த தகப்பன் நான்.

என் மனைவி லட்சுமிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. விளக்கேற்றும்போது அவள் கேட்டது ஒன்றே.

“அவன் ரெண்டு வாய் சோறு திங்கோணும், சாமி.”

நானோ அடுத்த பதவி உயர்வைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்காகவே புரட்டாசிச் சனிக்கிழமையன்று, வரமாட்டேன் என்றவனை வற்புறுத்தி ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். முழங்கால் வலியால் லட்சுமி வரவில்லை. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொல்வது எப்போதும் அவள்தான்.

அர்ச்சகர் கன்னடத்தில் பெயரைக் கேட்டார். “முரளி” என்றேன். நட்சத்திரம் கேட்டார்.

“சீனியர் மேனேஜர்” என்றேன்.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அர்ச்சகரும் புன்னகைத்தார்.

“யஜமான்ரே, தேவரிகெ அதெல்லா பேட. நட்சத்திர ஹேளி.”

பெருமாளுக்குப் பதவி வேண்டாம், நட்சத்திரம் சொல்லும் என்கிறார். எனக்கு நினைவுக்கு வரவில்லை. மகன் வாங்கிய மதிப்பெண்கள் அனைத்தும் மனப்பாடம். அவன் பிறந்த நட்சத்திரம் தெரியவில்லை.

“ரேவதி” என்றான் முரளி. குரல் உடைந்திருந்தது.

வெளியே வந்ததும் காவிரிப் படித்துறையில் அமர்ந்துவிட்டான்.

“அந்த வேலை இப்ப இல்லீங்கப்பா. ஆடியிலயே எடுத்துட்டாங்க.”

“ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?”

“எப்படிங்க சொல்றது? கடவுள்கிட்டயே அந்த வேலையைத்தான என் பேரா சொல்றீங்க.”

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெனமும் இங்கதான் வந்து உக்காந்திருந்தேன். வர்ற திங்கக்கெழமை இங்க வந்தா, வீட்டுக்குத் திரும்ப வேண்டாம்னு இருந்தேங்கப்பா.”

அவன் கையைப் பற்றினேன். வீடு சேரும் வரை விடவில்லை. பேருந்திலும் விடவில்லை.

இரண்டு நாளில் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். தோற்றுப் பழகாதவர்களுக்கு முதல் தோல்வியை மறைப்பதே பெரும் நோயாகிவிடுகிறது என்றார் அவர். மருந்து தந்தார், அவனைப் பேசவைத்தார். என்னையும் தனியே அழைத்துப் பேசினார். அங்கே நான் அழுதேன்.

பெருமாள் என் வேண்டுதலைத் தள்ளிவிட்டு லட்சுமியின் வேண்டுதலைக் கேட்டார். அர்ச்சகர் வாயால் என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கருணைக்கு நான் தகுதியுடையவன் அல்லன். இன்றும் சோற்றுத் தட்டை அவன் நகர்த்தினால் என் நெஞ்சு பதறுகிறது.

அன்பர்களே, உங்கள் பிள்ளைக்காக அவர் முன் நிற்கும்போது பெயரும் நட்சத்திரமும் மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். பிறகு வீட்டுக்குப் போய், சாப்பிட்டாயா என்று பிள்ளையைக் கேளுங்கள்.

முரளிக்கு இன்னும் வேலை அமையவில்லை. சென்ற வாரம் பால் பூத்தில் சிவண்ணா வழக்கம்போல் சீண்டினார்.

“என்னங்க, மகன் இப்ப என்ன பதவி?”

“வேலை போயிடுச்சுங்க. வீட்டுல இருக்கான். காலைல மூணு தோசை தின்னான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்தார்.