இன்றைக்கே வரச் சொன்னார்

காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், உரக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒரே அறைதான் எங்கள் கண் பரிசோதனை மையம். டாக்டர் இங்கே கிடையாது. அவர் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். கண்ணைச் சோதித்து, படமெடுத்து அனுப்பி, நோயாளியைத் திரைக்கு முன்னால் உட்காரவைப்பது என் வேலை. பிளஸ் டூ முடித்து இரண்டு வருடம் இதற்குப் பயிற்சி எடுத்திருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை அந்த அக்கா வந்தார். தேங்காய்க் களத்தில் உடைக்கிற வேலை. ஐந்து நாளைக்கு முன் கொட்டாங்குச்சிச் சில்லு ஒன்று தெறித்து வலது கண்ணில் பட்டிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் சிவப்பு போக ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். சிவப்பு குறைந்தது. வலி குறையவில்லை.

கருவிழியில் பொரி அளவுக்கு வெள்ளை படர்ந்திருந்தது. மஞ்சள் சாயத் தாளைக் கண்ணோரத்தில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். புண் முழுதும் பச்சையாக ஒளிர்ந்தது. படிக்கும்போது புத்தகத்தில் பார்த்த படத்தைப் போலவே இருந்தது.

திரையில் டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். "அம்மா, அந்தச் சொட்டு மருந்தை இனிமே தொடாதீங்க. இது பூஞ்சைப் புண்ணு மாதிரி தெரியுது. நீங்க..."

அவ்வளவுதான். படம் உறைந்துபோனது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"அவங்களை இன்னைக்கே அனுப்புங்க. அடுத்த பஸ்ல. ரெண்டு மூணு நாள் விட்டா கருவிழி ஓட்டையாகிடும், கண்ணு போயிடும். புரியுதா?"

"சரிங்க சார்" என்றேன். இதைக் கேட்டது நான் மட்டும்தான்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க அம்மணி சொன்னாரு?"

"சீக்கிரமாக் கோயமுத்தூர் வரச் சொல்றாருங்க அக்கா."

"வியாழக்கெழம என்ற தம்பிக்குக் கல்யாணம் கண்ணு. முப்பத்தெட்டு வயசு. ஏழு வருசமாப் பொண்ணு பார்த்து இப்பத்தான் அமைஞ்சிருக்குது. இணைச்சீர் நாந்தான் செய்யோணும், கூடப் பொறந்தவ நான் ஒருத்திதான். வெள்ளிக்கெழம காலைல மொத பஸ்ஸுக்குப் போயர்றேன். நாலு நாள் பொறுக்காதா?"

பொறுக்காது என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். நோயாளியைப் பயமுறுத்தக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித்தந்தார்கள்தான். அதன் மேல் பழிபோட மாட்டேன். அவர் அங்கேயே அழுதுவிடுவார் என்று பயந்தேன். வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

"முடிஞ்சா நாளைக்கே போயிருங்க அக்கா. இல்லீன்னா கல்யாணம் முடிஞ்ச கையோட போயிருங்க. தள்ளிப்போட்றாதீங்க."

கல்யாணத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவர் போனார். நான் நோட்டில் 'இன்றே வர அறிவுறுத்தப்பட்டது' என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை ஒருமுறை அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. கல்யாண வீடு என்று விட்டுவிட்டேன்.

சொன்னபடி வெள்ளிக்கிழமை போயிருக்கிறார். கருவிழி அதற்குள் ஓட்டையாகியிருந்தது. பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டார்கள். வேறொரு நோயாளிக்காகத் திரையில் வந்த டாக்டர்தான் எனக்கு அதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீங்க அன்னைக்கே சொன்னீங்கள்ல?" என்று கேட்டார்.

"சொன்னேன் சார்."

அன்று மத்தியானம் கொண்டுபோன சோற்றைப் பிரிக்கவில்லை. வேறு வேலை தேடலாமா என்று சில நாள் யோசித்தேன். தேடவில்லை.

நாலு மாதம் கழித்து, மற்ற கண்ணுக்குக் கண்ணாடி போட அவர் வந்தார். வலது பக்கம் செயற்கைக் கண் வைத்திருந்தார்கள். தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று சொன்னார். சோதித்தேன். இடது கண்ணில் குறை ஒன்றும் இல்லை, கிட்டத்தில் பார்க்க மட்டும் கண்ணாடி போதும் என்று திரையில் டாக்டர் சொன்னார். எழுந்திருக்கப்போனவர் மறுபடி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு டாக்டர் போன்ல உன்கிட்ட என்ன கண்ணு சொன்னாரு? நெசமாச் சொல்லு."

சொன்னேன். அடுத்த பஸ், ஓட்டை, கண்ணு போயிடும் என்று அவர் சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். சொல்லும்போது நான்தான் அழுதேன்.

அவர் அழவில்லை. முந்தானையை இழுத்து மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தார்.

"சீர் பண்றப்ப வலி மண்டையப் பொளந்துது. போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னான், சிரிச்சேன். நீ சொல்லியிருந்தாலும் கல்யாணத்த உட்டுப்போட்டுப் போயிருப்பனான்னு தெரியல கண்ணு. ஆனா அது நான் முடிவு பண்ண வேண்டியது. நீ சொல்லியிருக்கோணும்."

"ஆமாங்க அக்கா."

எழுந்து, கதவு நிலையை வலது கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இப்போது டாக்டர் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுப் போனை நோயாளி கையிலேயே கொடுத்துவிடுகிறேன். சிலர் கேட்டுவிட்டு அழுகிறார்கள். சிலர் அதற்குப் பிறகும் போவதில்லை.

அந்த அக்காவின் கண்ணாடி அடுத்த வாரம் வந்தது. அவருடைய மகள் வந்து வாங்கிக்கொண்டு போனாள். வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவர் வரவில்லை.