மத்தியானம் மட்டும் வந்த பிள்ளை

மங்கலத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய உணவு ஆரம்பித்த வருஷமே ஞானாம்பாள் சமையலுக்குச் சேர்ந்தாள். புருஷனை அம்மைக்குப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் இருந்தவளுக்கு அத்தனை பிள்ளைகள் 'ஆயா' என்று கூப்பிட்டது பிடித்துப்போயிற்று. எந்தப் பிள்ளை காலையில் பட்டினியாக வந்திருக்கிறது என்று தட்டை நீட்டும் விதத்திலேயே கண்டுகொள்வாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் நாலாம் வகுப்பு நூர்ஜான் காலையில் வருவதை நிறுத்திவிட்டு, மத்தியான மணிக்குத் தட்டோடு வர ஆரம்பித்தாள். தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா நெஞ்சுச்சளியில் படுத்துவிட்டார். தறியில் அம்மா உட்கார்ந்தாள். நூலைத் தார்க் குச்சியில் சுற்றிக் கொடுக்க நூர்ஜானை விட்டால் ஆளில்லை. ஆனாலும் சாப்பிட்டதும் ஓடிவிட மாட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை வகுப்பில் இருப்பாள்.

தலைமையாசிரியர் சுப்பையன் இரக்கம் உள்ளவர்தான். மேலதிகாரி என்றால்தான் அவருக்குப் பயம்.

"காலை வருகையில இல்லாத பிள்ளைக்குச் சோறு போட்டது தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிருமுங்க," என்று ஞானாம்பாளிடம் சொன்னார்.

மறுநாள் நூர்ஜான் தட்டை நீட்டினாள்.

"காலையில வந்தாத்தான் சோறாம், கண்ணு. பெரிய வாத்தியார் சொல்லிப்போட்டாரு."

நூர்ஜான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தட்டைப் பாவாடையோடு சேர்த்து மறைத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு ஞானாம்பாளுக்கும் சோறு இறங்கவில்லை.

பத்து நாளாக நூர்ஜான் பள்ளிக்கு வராததைப் பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கே போனாள். நூர்ஜான் அங்கில்லை. அவள் அம்மா முனவர் பேகம் தறியை நிறுத்தினாள்.

"பெரிய தறிக்காரர் ஊட்டுல நாள் முழுக்கத் தார் சுத்தப் போறாளுங்கக்கா. அங்க மத்தியானம் சோறு போடறாங்க."

"அப்ப பள்ளிக்கூடம்?"

"அந்தச் சோத்தைச் சொல்லித்தானுங்க அவங்க அப்பா வாயை அடைச்சு அரை நாளாவது அனுப்பிட்டிருந்தேன். இனி என்னத்தைச் சொல்லி அனுப்பறது?"

ஞானாம்பாள் நேரே சுப்பையன் முன்னால் போய் நின்றாள். அதுவரை அவரிடம் நிமிர்ந்து பேசியதில்லை.

"வந்த அரை நாளை அரை நாள்னு எழுதிக்கோங்க சார். என்ற வேலை போனாப் போகட்டுமுங்க."

அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி, வரச் சொல்லுங்க," என்றார்.

ஆனால் தறிக்காரர் விடவில்லை. பாதி நாளுக்கு ஆள் வேண்டாம் என்றுவிட்டார். அந்த வேலையும் போனால் முனவர் பேகத்தின் வீட்டில் அடுப்பெரியாது. ஜூன் மாதம் பள்ளிப் பதிவேட்டில் நூர்ஜானின் பெயரை அடித்தார்கள். அதற்கப்புறம் காலையில் வந்தாயா என்று ஞானாம்பாள் எந்தப் பிள்ளையையும் கேட்கவில்லை, சுப்பையனும் கண்டுகொள்ளவில்லை.

ஆடி மாதச் சந்தையில் நூர்ஜான் எதிரே வந்தாள். விரலெல்லாம் நூல் அறுத்த கோடுகள்.

"நல்லா இருக்கீங்களா ஆயா?" என்று சிரித்தாள். பிறகு, "இப்ப மத்தியானத்துல என்ன கணக்குங்க நடத்தறாங்க?" என்றாள்.

ஞானாம்பாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. "கேட்டுச் சொல்றேன் கண்ணு."

மறுநாள் மறக்காமல் வாத்தியாரிடம் கேட்டாள். பின்னம் என்றார். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே தறிக்காரர் வீட்டு வாசல் வரை போனாள். உள்ளே ராட்டைச் சத்தம் கேட்டது. இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்று நினைத்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். கூப்பிடாமலே திரும்பி நடந்தாள்.