பூப்போட்ட கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் மரண அறிவிப்பில் சாஹிறா ராத்தாவின் பெயர் வந்தபோது நான் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தேன். வேறு யாரோ சாஹிறா என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவருடைய வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள், எங்கள் ஒழுங்கையைச் சொன்னார்கள். மாமி குசினியிலிருந்து ஓடி வந்தார். "இன்னாலில்லாஹி... நேத்து பின்னேரம் அசருக்கும் இங்கதானே இரிந்தா!" ஓம், நேற்று என் கட்டிலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். நெஞ்சு கொஞ்சம் அடைக்கிறது, வாயுவாக இருக்கும் என்றார். வாயுவாம்!

அவர் என் கூடப்பிறந்த அக்கா இல்லை, ஆனாலும் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய வீடு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் நான் போக முடியாது. என் கணவர் மௌத்தாகி, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில் நான் இருக்கிறேன். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்தான். அவசரத்துக்குப் பகலில் போய் வரலாம் என்று சொல்லும் மார்க்கம் தெரிந்தவர்களும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. எனக்கு அன்று வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன் அவருடைய முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும்.

"மாமி, பொம்புளயள் பக்கத்தால போய்ப் பாத்திட்டு வாரன்" என்றேன்.

"தெருவெல்லாம் ஆம்புளயள் நிறஞ்சி நிக்கிறாங்க புள்ள. இத்தாவுல இரிக்கிற நீ எப்பிடி வாசல் தாண்டுவ? ஊரு என்ன கதைக்கும்?"

"ஊரு கதைக்கட்டும்."

"ஏலா மகள்" என்று சொல்லிவிட்டு மாமியே அழத் தொடங்கினார். அழுகிறவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். அறை முழுவதும் கண்ணாடிச் சாமான்கள். எல்லாம் ராத்தா கொண்டுவந்து வைத்தவை.

கற்பிட்டியில் அவரை வங்கிக் காசாளராகத்தான் நீங்கள் அறிந்திருப்பீர்கள். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் உங்களையும் ஒரு பார்வை பார்ப்பாரே, அந்த சாஹிறாதான். அவர் ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் பழைய அலங்காரக் கண்ணாடிகளை வாங்கி இணையத்தில் விற்றோம். பூச்சாடி, கிண்ணம், அத்தர்ச் சீசா, கண்ணாடி மீன், கண்ணாடி வாத்து. எங்கள் ஊர் அலுமாரிகளில் என்னதான் இல்லை? கப்பலில் போனவர்கள் கொண்டுவந்தது, சவூதியில் வேலை செய்தவர்கள் கொண்டுவந்தது, கல்யாணத்துக்கு வந்தது. பெரும்பாலானவற்றில் செய்தவரின் பெயரோ முத்திரையோ இருக்காது. இது எந்த நாட்டுச் சாமான், எவ்வளவு பழையது, கையால் ஊதியதா அச்சில் வார்த்ததா என்று கண்டுபிடித்து எழுதினால்தான் வாங்குகிறவர்கள் நம்புவார்கள். இருவருமே ஒன்றும் தெரியாமல் தொடங்கியவர்கள். தொலைபேசியில் பார்த்துப் பார்த்து, சண்டை பிடித்துச் சண்டை பிடித்துப் படித்துக்கொண்டோம்.

ஈயம் கலந்த நல்ல கண்ணாடியைத் தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் என்று எங்கோ வாசித்தோம். ராத்தா உடனே ஒரு தண்ணீர்க் கூசாவை எடுத்து அகப்பைக் காம்பால் ஓங்கி ஒரு போடு போட்டார். மணியும் கேட்கவில்லை, கூசாவும் மிஞ்சவில்லை. வலது பெருவிரலின் குறுக்கே ஆழமாக வெட்டிவிட்டது. இரத்தம் சொட்டச் சொட்ட என்னைப் பார்த்து, "சத்தம் சரியில்ல புள்ள, இது லேசான சாமான்தான்" என்றார். நான் ஏசுவதா சிரிப்பதா? அந்தக் காயம் ஆறி, விரலின் குறுக்கே கோடாகவே நின்றுவிட்டது.

சாமானைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பதுதான் எப்போதும் அவருடைய முதல் வேலை. கையால் ஊதிய கண்ணாடியென்றால், செய்யும்போது பிடித்திருந்த கம்பியிலிருந்து முறித்தெடுத்த வடு அடியில் இருக்கும். ராத்தா அதற்குத் தொப்புள் என்று பெயர் வைத்திருந்தார். "தொப்புள் இரிக்கா பாரு. இரிந்தா அது பெத்த புள்ள, இல்லாட்டி அச்சுல வாத்த புள்ள." குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வீட்டில் மங்கிப்போன கிண்ணம் ஒன்று கிடைத்தது. தொப்புள் இருந்தது, வேறொன்றும் இல்லை. நான் கைவிட்டுவிட்டேன். ராத்தா அடியில் வாயை வைத்து ஹா என்று ஊதினார். மூச்சுப் புகை படிந்த இடத்தில் மெல்லிய எழுத்துகள் எழும்பி வந்து, நாங்கள் வாசித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டன. அன்று முதல் எதை எடுத்தாலும் "ஊதிப் பாரு ஜெஸீமா" என்பார். பார்த்து முடிந்ததும் வினாகிரி நனைத்த துணியால் துடைத்துத்தான் கையிலிருந்து இறக்குவார். துடைக்காத சாமானை ஒருநாளும் கீழே வைத்ததில்லை.

அவருக்கும் பிழைத்திருக்கிறது. நுரைச்சோலையில் வாங்கிய பச்சைப் பூச்சாடி ஒன்றின் அடியில் எல்லாப் பக்கமும் நுணுக்கமான கீறல்கள். காலாகாலமாக மேசையில் இருந்து தேய்ந்தால்தான் அப்படி வரும் என்று படித்திருந்தோம். பழைய சாமான் என்று எழுதி விற்றோம். கொஞ்ச நாள் கழித்து அந்த வீட்டுக்கு மறுபடி போனோம். வீட்டுக்காரம்மா கிணற்றடியில் குந்தியிருந்து, இன்னொரு பூச்சாடியைச் சாம்பலும் கடற்கரை மணலும் போட்டுப் பானை தேய்ப்பதுபோல் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே, வயசில்ல புள்ள, மணல்!" வாங்கியவர் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவும் வராது. இருந்தும் ராத்தா தானே எழுதி, சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "தெரியாததத் தெரியாதுண்டு எழுது. தெரிஞ்ச மாதிரி எழுதாத" என்பது அதற்குப் பிறகு அவர் வாயில் எப்போதும் இருந்தது.

என் கணவர் மௌத்தானபோது, வந்தவர்கள் எல்லோரும் பொறுமையாக இரு என்றார்கள். ராத்தா மட்டும் ஒரு பெட்டிக் கண்ணாடியோடு வந்தார். "ஒனக்கு வெளிய வர ஏலாட்டி சாமான் உள்ள வரட்டும்." அந்த அறை எனக்குக் கபுறுக்குழி மாதிரி இருந்தது. ஜன்னலிலும் பூப்போட்ட கண்ணாடி. ஆணி அடித்துப் பூட்டியிருந்த அதனூடாக வெளிச்சம் வரும், ஒழுங்கையில் போகிறவர்கள் வெறும் நிறமாகத் தெரிவார்கள், முகம் தெரியாது. எனக்குச் சிலவேளை மூச்சு முட்டும். ஒருநாள் அப்படி அழுதுகொண்டிருந்தபோது, தடித்த பூச்சாடி ஒன்றை என் முகத்துக்கு நேரே பிடித்தார். உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள். "பாரு, உள்ளுக்கு மாட்டிக்கிட்ட காத்து. இதுக்கு விடிவே இல்ல. ஒனக்கு ஒரு நாளைக்கிக் கதவு தொறக்கும்." அழுகையோடு சிரிப்பும் வந்தது.

அவருடைய ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனதையும் அந்த ஜன்னலால்தான் பார்த்தேன். கலிமாச் சத்தம் நெருங்கி வந்தது. கண்ணாடிப் பூக்களுக்குப் பின்னால் வெள்ளை நிறம் அசைந்தது. நடுவில், ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கை மூடிய துணியின் பச்சை. நெற்றியைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றேன். உடைத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். பச்சை நகர்ந்து போனது, வெள்ளையும் போனது, பிறகு எதிர் மதில்தான். முகம் பார்க்கவில்லை. இதை எழுதும்போதும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கனடாவில் ஒரு பெண் நீலக் கிண்ணம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இத்தாலியில் செய்தது என்று உறுதியாகச் சொன்னால் எடுப்பாராம். கடைசி நாள் ராத்தா அதைத்தான் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "இண்டைக்கிக் கண் தெளிவில்ல புள்ள. நாளைக்கிப் பாப்பம்" என்று ஜன்னலடியில் வைத்துவிட்டுப் போனார். ஜனாஸா போய் சில நாட்களுக்குப் பிறகு அந்தப் பெண் மறுபடி எழுதினார். கிண்ணத்தை விளிம்பால் தூக்கிக் கவிழ்த்தேன். தொப்புள் இருந்தது. குமிழிகள் இருந்தன. முத்திரை இல்லை. அடியில் வாயை வைத்து ஊதினேன்.

எழுத்து எதுவும் வரவில்லை. புகைக்குள் ஒரு பெருவிரல் எழும்பி வந்தது. சுற்றிச் சுற்றிப் போகும் மெல்லிய வரிகள், அவற்றின் குறுக்கே நேராக ஒரு கோடு. அன்று அவர் துடைக்காமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மறைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி வந்தது. "மாமி!" என்று கத்தினேன். மாமி வந்து பார்த்தார், என் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

கனடாப் பெண்ணுக்கு எழுதிவிட்டேன்: எந்த நாட்டுச் சாமான் என்று தெரியாது, விலைக்கும் இல்லை. ராத்தாவின் சாமான்களில் நான் வைத்துக்கொள்வது இந்தக் கிண்ணம் ஒன்றைத்தான். இத்தா முடிய இன்னும் நாள் இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒருமுறை ஊதிப் பார்க்கிறேன். துணியை அதன் பக்கத்தில் யாரும் கொண்டுவரக் கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.