லூர்து ஆக்னஸான நாள்

புக்கிட் செலம்பாவில் இன்று ஒருவன் மோட்டார் சைக்கிளில் ஆட்டுக்குட்டி கொண்டுபோனான். அது கத்திய கத்தலில் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ரப்பர் தோட்டத்து மாதா கோயிலில் புனித ஆக்னஸ் திருநாளுக்கு நாடகம் போடுவார்கள். ரோமாபுரியில், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், இயேசுவுக்கே சொந்தம் என்று கல்யாணத்தை மறுத்து, வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தவள் ஆக்னஸ். படத்தில் அவள் கையில் செம்மறிக்குட்டி இருக்கும். தோட்டத்தில் செம்மறி ஏது? நான் வளர்த்த வெள்ளாட்டுக்குட்டியைக் கேட்டார் நாடகத்தை நடத்திய உபதேசியார். ஆக்னஸ் வேஷமும் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

“நீ இல்லலா! பக்கத்து வீட்டு லூர்துதான். நீ குட்டியக் குளிப்பாட்டிக் கொண்டா, போதும்” என்றார் அவர்.

நாடகத்தில் சேவகன் வாளை ஓங்கிய நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த நான் குட்டியை எப்போதும் கூப்பிடுவதுபோல் நாக்கைச் சொடுக்கினேன். குட்டி அவள் கையிலிருந்து துள்ளி என் மடிக்கு ஓடி வந்தது. கோயிலே சிரித்தது. லூர்து அசையவில்லை. வெறுங்கையை நெஞ்சோடு சேர்த்து, கழுத்தை இன்னும் தாழ்த்தினாள். சிரித்தவர்கள் அழுதுவிட்டார்கள். என் அம்மாவும் அழுதாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது எங்கள் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. பூசை முடிந்தால் எல்லாரும் “ஆக்னஸக்கா” என்று அவளைத்தான் சூழ்ந்துகொள்கிறார்கள். நான் மட்டும் இன்னும் லூர்து என்றுதான் கூப்பிடுகிறேன்.