பத்துக்கு எட்டு

"ரெக்கார்டா, டிஜிட்டலா? சொல்லுங்க காதக்கா" என்றார் முதலாளி.

திரைக்குப் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நாற்காலியில் இருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். பார்ப்பவர்களுக்கு அது லயிப்பு. அவளுக்கு அது ஒளிந்துகொள்ளும் இடம்.

அந்த இசைத்தட்டுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக அவளுக்கு வேலை கேட்பதுதான். நூறு தட்டுக்கு ஒன்றை எடுத்து முதலிலிருந்து முடிவுவரை கேட்பாள். கீச்சென்று ஏதாவது காதில் விழுந்தால் அந்த நூறும் வெளியே போகாது. காதக்கா என்ற பெயர் அப்படி வந்தது. மூன்று வருஷமாகக் கீச்சென்ற மேல்சத்தங்கள் அவளுக்குக் கேட்பதில்லை. முதலில் போனது கைக்கடிகார அலாரம். பிறகு வாசல் அழைப்பு மணி. அம்மா காதுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறாள் என்று மகள் கேலி செய்தாள். அவளும் கூடச் சிரித்துவைத்தாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. தட்டை விளக்கடியில் சாய்த்து, வரிகளில் ஒளி எங்கே உடைகிறது என்று பார்த்தே பழுதைக் கண்டுபிடித்து வந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் காதுப் பரிசோதனையில், சத்தம் கேட்டதும் அழுத்த வேண்டிய பொத்தானை எப்போது அழுத்துவது என்பதைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பரிசோதகரின் தோள் அசைவு சொல்லிக்கொடுத்தது. காது போனது தெரிந்தால் வேலை போகும். மறைத்தது தெரிந்தால் பெயரும் போகும்.

இன்று கண்ணை நம்ப வழியில்லை. திரை போட்டுவிட்டார்கள்.

சண்டை அவளுடையது அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து புதிதாக வந்த பொறியாளர் மதியச் சாப்பாட்டின்போது வாயை விட்டார். டிஜிட்டல்தான் சுத்தமாம், ரெக்கார்டில் ஏதோ கூடுதலாகக் கேட்கிறது என்பதெல்லாம் மனப்பிரமையாம். ரெக்கார்டு செய்து பிழைக்கிற இடத்தில் இப்படிச் சொன்னால் முதலாளி சும்மா இருப்பாரா? ரெக்கார்டில் பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார், டிஜிட்டலில் டெலிபோனில் பாடுகிறார் என்றார். கடைசியில் தீர்ப்புக்குக் காதக்காவைப் பிடித்து உட்காரவைத்தார்கள். பத்துப் பாட்டு; ஒவ்வொன்றும் எதிலிருந்து வருகிறது என்று அவள் சொல்ல வேண்டும்.

முதல் பாட்டிலேயே பக்கத்துக் கூடத்தில் தட்டுகளை அழுத்தி வார்க்கும் பிரஸ் மூடியது. அரை நிமிஷத்துக்கு ஒருமுறை அது மூடும்போதெல்லாம் தரை அதிரும். தட்டு ஓடினால் அந்த அதிர்வு பிளேயர் ஊசியில் ஏறி ஸ்பீக்கரிலும் தொம்மென்று வந்தது. கீழ்ச்சத்தம் அவளுக்கு இன்னும் கேட்கும். தொம் வந்தால் ரெக்கார்டு, வராவிட்டால் டிஜிட்டல். பாட்டை அவள் கவனிக்கவே இல்லை.

ஆறு வரை எல்லாம் சரி. முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஏழாவதில் பிரஸ் நின்றுவிட்டது. தேநீர் இடைவேளை. பாதத்துக்குக் கீழே தரை செத்துக் கிடந்தது. காத்திருந்தாள். பாட்டு பாதி தாண்டியும் எதுவும் வரவில்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"ரெக்கார்டு" என்றாள்.

கடைசி நான்கையும் குருட்டாம்போக்கில் சொன்னாள். இரண்டு தப்பு.

"பத்துக்கு எட்டு. நான் படிச்ச காலத்துல இவ்வளவு வாங்கினதே இல்லை" என்றார் முதலாளி.

சாயங்காலம் பொறியாளர் ஒரு தாளோடு அவள் மேசைக்கு வந்தார்.

"தப்பு ரெண்டும் டீ நேரத்துல அக்கா. அதுக்கு முன்னாடி ஒண்ணுகூடத் தப்பு இல்ல."

அவள் கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நீங்க பாட்டைக் கேக்கல. பிரஸ்ஸைக் கேட்டீங்க."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் சிரித்தார்.

"ஊசி வழியா வர்ற அதிர்வைப் பிடிக்கிறீங்க. அப்பப்பா, பாம்புக் காது. ஆனா சோதனை செல்லாது. நாளைக்கு அதிர்வு ஏறாம பிளேயருக்கு அடியில ரப்பரும் கல்லும் வச்சு மறுபடி பண்ணுவோம்."

தலையாட்டினாள். வீட்டுக்குப் போகும்போது பின்னால் வந்த சைக்கிள்காரர் விலகிப்போய், "எத்தனை தடவை மணி அடிக்கிறது, காது கேக்காதா?" என்று கத்தினார். தெருவே திரும்பிப் பார்த்த மாதிரி அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கே பிளேயருக்கு அடியில் ரப்பரையும் கல்லையும் வைத்துவிட்டார்கள். பதினோரு மணிக்குச் சோதனை. பத்துக்கு ஐந்து. காதக்காவுக்கே தெரியவில்லை என்றால் வித்தியாசம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று பொறியாளர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி சாப்பிட வரவில்லை. அவள் காதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதியத்துக்கு மேல் பன்னிரண்டு தட்டுகளை விளக்கடியில் பார்த்தாள். பதினொன்றைச் சரி என்று அனுப்பினாள். ஐந்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். இந்த வருஷத்துக் காதுப் பரிசோதனை இருபதாம் தேதி. பரிசோதகர் புதியவர். அவள் தேதியைக் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.