கழுவிக் கட்டித் தந்த நாற்பது கட்டைகள்

போன செவ்வாய்க்கிழமை காலை குருநகர்க் கரையில் ஒருவர் என் கையில் ஒரு கட்டு மரக் கட்டைகளைத் தந்தார். மண் போகக் கழுவி, நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அதோடு விட்டாரா? ஒன்று முதல் நாற்பது வரை இலக்க ஒழுங்கில் வேறு அடுக்கியிருந்தார்!

எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றியால் அல்ல.

நான் கடற்பறவைகளை ஆராய்கிறவள் என்பது இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன்... ஓம், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. "குருவி பாக்கிறதும் ஒரு உத்தியோகமோ பிள்ளை?" என்று நீர்வேலியில் என் சித்தப்பா காணும்போதெல்லாம் கேட்பார். சிரித்துச் சமாளிப்பேன். இந்த வாரம் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

விஷயம் இதுதான். கடல்நீரேரியில் ஒரு மணல் திட்டு. சின்ன ஆலாப் பறவைகள் வருடா வருடம் அங்கே வந்து, மணலில் ஒரு குழி பறித்து, மணல் நிறத்திலேயே முட்டை இடும். அந்தத் திட்டில் சுற்றுலாப் படகுகளை இறக்க இப்போது ஒரு யோசனை இருக்கிறது. வேண்டாம் என்றேன். "கூடு கூடாக மூன்று வருட ஆதாரம் காட்டுங்கள், பார்க்கலாம்" என்றது அனுமதி கொடுக்கும் கமிட்டி.

இரண்டு வருடம் முடித்துவிட்டேன். இது மூன்றாவது.

ஒவ்வொரு கூட்டின் அருகிலும் ஒரு கட்டை நட்டேன். தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று தலையில் சிவப்புப் பெயின்ற். உடம்பில் இலக்கம். ஜிபிஎஸ் இல்லையா என்று கேட்பீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூடுகளை என் போனில் இருக்கும் ஜிபிஎஸ் பிரித்துக் காட்டாது. கட்டைதான் ஒரே வழி. எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்பதெல்லாம் அந்த இலக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் போய் இறங்கினால் ஒரு கட்டையும் இல்லை. ஆலாக்கள் இருந்தன — என் தொப்பியில் எச்சமிட்டு வரவேற்றன. முட்டைகள் இருந்தன. பொரித்த குஞ்சுகள் அங்குமிங்கும் ஓடின. எது எந்தக் கூடு? யாருக்குத் தெரியும்?

கரையில் விசாரித்துக்கொண்டே திரிந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் செவ்வாய்க்கிழமை, அந்தத் திட்டைத் தாண்டித் தினமும் நண்டு வலைக்குப் போகிற மரியதாஸ் அண்ணை தானாகவே முன்னுக்கு வந்தார். கையில் அந்தக் கட்டு.

"நான்தான் பிடுங்கினனான்," என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை!

"ஏன் அண்ணை?"

"ஏனோ? சிவப்புத் தலை, நம்பர் போட்ட கட்டை. எங்கடை ஊரிலை உப்பிடிக் கட்டை நட்டால் என்ன அர்த்தம் தங்கச்சி? அரசாங்கம் பிடிக்கக் காணி அளக்கிறாங்கள். நாளைக்கு வேலி. நாளையிண்டைக்கு 'உள்ளே வரத் தடை' எண்டு போர்ட். என்ரை அப்பான்ரை காணி உப்பிடித்தான் போனது."

அவரை எப்படித் திட்டுவது? என் மாமாவின் காணியை அளக்க வந்தபோது, ஊரோடு சேர்ந்து நின்று கட்டையைப் பிடுங்கி எறிந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த நானே, அதே மாதிரிக் கட்டைக்கு அதே சிவப்பைப் பூசியிருக்கிறேன். படித்த பெண்ணாம்!

"ஒரு முட்டையும் மிதிக்கேல்லை," என்றார் அவர். "ஒவ்வொரு அடியும் பாத்துத்தான் வைச்சனான். ஆலா இருக்கிற இடத்தை ஆரும் பிடிச்சுக்கொண்டு போக விடேலாது, என்ன?"

அதற்காகத்தானே ஐயா நானும் மூன்று வருடமாக வெயிலில் காய்கிறேன்!

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். படகு விளிம்பில் அப்படியே இருந்துவிட்டார். "ஐயோ... உங்கடை கட்டை எண்டு ஆருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தங்கச்சி."

ஐந்து அலுவலகங்களுக்கு எழுதினேன். மூன்று மொழியில், முத்திரையோடு. கிராம அலுவலர் விதானையாருக்குக்கூடப் பிரதி போனது. தினமும் அந்தத் திட்டைப் பார்க்கிற மனிதருக்குச் சொல்லத்தான் எனக்குத் தோன்றவில்லை. கோபம் அவர் மேல் வரவேண்டும் என்று எவ்வளவோ முயன்று பார்த்தேன். என் மேல்தான் வந்தது.

"நான் வந்து கமிட்டியிட்டைச் சொல்லுறன். சின்ன வயசிலையிருந்து பாக்கிறன்," என்றார். உடனே கமிட்டி அதிகாரிக்குப் போன் போட்டேன்.

"அவர் எழுதி வைத்திருக்கிறாரா?"

"இல்லை."

"அப்ப அது ஆதாரமில்லையே மிஸ். இன்னொரு வருடம் எடுத்து வாங்கோ."

"அதுவரை சுற்றுலாப் படகுகள் வராமல் நிற்குமா?"

"அது வேற பிரிவு."

போனை வைத்துவிட்டேன்.

நேற்று மரியதாஸ் அண்ணையின் படகிலேயே திட்டுக்குப் போனேன். குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. அடுத்த வருடமும் கட்டை நடுவேன், அண்ணையும் கூட வருவார், சிவப்புப் பெயின்ற் இல்லை — இவ்வளவும் பேசி முடிவாகிவிட்டது.

நடுவதற்குத் திட்டு மிஞ்சுமா என்றுதான் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.