இழுத்தால் நடக்கும் குட்டி

மகளுக்கு அப்போது மூன்று வயது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு காய்ச்சல் வந்து போனது. அதோடு வலது கால் துவண்டுவிட்டது. இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"உறுதி சொல்ல முடியாது. நடக்க வைங்க. பிள்ளைக்கே ஆசை வரணும்" என்றார்.

நடைவண்டி வாங்கிக் கொடுத்தோம். பிடித்து எழுந்தாள். வண்டி முன்னால் ஓடிவிட்டது. விழுந்தாள். பிறகு அதைக் கண்டாலே அழுகை.

ஆட்டுக்குட்டி என்றால் அவளுக்கு உயிர். மரத்தில் ஒன்று செய்து கயிறு கட்டிக் கொடுத்தால் இழுத்துக்கொண்டு நடப்பாள் என்று நினைத்தேன். நான் தச்சன் இல்லை. மிளகாய்க் கொல்லையில் கூலி. வேலை இல்லாத நாளில் பூவரசங்கட்டையைச் செதுக்கினேன். உடம்பு ஒரு மாதிரி வந்தது. நாலு காலையும் தனியாகச் செய்து ஆணியில் தொங்கவிட்டேன். சைக்கிள் கம்பியை வளைத்து முன்னும் பின்னும் அச்சாகப் போட்டு, இரு முனையிலும் மரச்சக்கரம் கோத்து, காலின் நுனியை அந்த வளைவில் மாட்டினேன். சக்கரம் சுற்றியது. கால் அசையவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"ஏலே, இது ஆடா, பெருச்சாளியா?"

"கொம்பு இன்னும் வைக்கலண்ணே."

"அப்ப கொம்பு வச்ச பெருச்சாளி." சிரித்துவிட்டுக் கையில் வாங்கினார். "சக்கரம் மட்டும் சும்மா சுத்துது பாரு. கம்பியும் சேந்து சுத்தணும்ல. சக்கரத்து ஓட்டையில சின்ன மரச்சிம்பு அடிச்சு இறுக்கு."

இறுக்கினேன். குட்டி நாலு காலையும் வீசி நடந்தது.

வாசலில் விட்டு, கயிற்றை மகள் கையில் கொடுத்தேன். உட்கார்ந்தபடி இழுத்தாள். குட்டி நடந்து அவள் மடிவரை வந்தது. காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அய்யா, குட்டி நடக்குது! மறுபடி அங்கன விடு."

விட்டேன். இழுத்தாள். வந்தது. இழுத்தால் குட்டி வந்துவிடும், பிள்ளை எதற்கு எழுந்திரிக்க வேண்டும்? செய்யும்போது அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கயிற்றைச் சாண் அளவுக்கு அறுத்துவிட்டு, குட்டியை எட்டத்தில் வைத்தேன்.

"வந்து பிடி தாயி."

கையை நீட்டினாள். எட்டவில்லை. சுவரைப் பிடித்து எழப் பார்த்தாள். கால் மடங்கியது. உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள்.

"குட்டிக்கு என்னய்யா? வரமாட்டேங்குது."

வீட்டுக்காரி நிலைப்படியில் நின்றிருந்தாள். "போதும். கட்டிக் குடுங்க. சிரிச்சிக்கிட்டாச்சும் இருக்கட்டும்."

அறுத்த கயிற்றை முடிச்சுப் போட்டேன். மகள் இழுத்தாள். முடிச்சு அவள் கைக்கு வந்தது, பின்னாலேயே குட்டியும் வந்தது.

"அங்கன விடுய்யா."

மிளகாய் பறிக்க ஆள் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நான் போகவில்லை. குட்டியை யாராவது கொண்டுபோய் அங்கே விட வேண்டுமே.